வித்தவுட்

கேள்வி: 45 வயசில் சர்க்கரை வந்தது. அன்றிலிருந்து சாயாக்கடையில் சர்க்கரை போடாத 'வித்தவுட்'தான் குடிக்கிறேன். அப்படியும் இறங்க மாட்டேன் என்கிறதே, ஏன்?
- ஒரு வாசகர், மட்டாஞ்சேரி

பதில்: சாயா வித்தவுட், சரி. கூடவே கண்ணாடி அலமாரியிலிருந்து இறங்கி வருகிற பழம்பொரி? பழுத்த நேந்திரனை மைதாவில் முக்கிப் பொரித்துவிட்டு, எண்ணெயைச் செய்தித்தாளில் ஒற்றி எடுத்தால் அது மருந்தாகிவிடுமா? மட்ட அரிசிச் சோறும் அப்படித்தான். சிவப்பாக இருக்கிறதே என்று மலைபோல் குவித்தால் அதுவும் சர்க்கரையாகத்தான் ரத்தத்தில் சேரும்.

துணைக்கு ஆள் இல்லையென்று வருந்தாதீர்கள். 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வுப்படி கேரளத்தில் பெரியவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் உங்கள் கட்சி. இந்த நோயில், சர்க்கரையை உள்ளே விடச் சொல்லி இன்சுலின் வந்து கதவைத் தட்டினாலும் உடம்பு சட்டென்று திறப்பதில்லை. நடந்தால் தசைகள் கொஞ்சம் திறக்கும். சாப்பிட்டதும் யூதத் தெருப் பக்கம் கால் மணி நேரம் நடங்கள். குஜராத்தித் தெரு வழியாக வேண்டாம், அங்கே இனிப்புக் கடை இருக்கிறது.

பரிசோதனைக்கு முதல் நாள் மட்டும் பத்தியம் இருப்பதும் பலிக்காது. ஹெச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை மூன்று மாத வண்டவாளத்தைத் தண்டவாளத்தில் ஏற்றிவிடும். டாக்டரைக் கேட்காமல் மாத்திரையிலும் 'வித்தவுட்' பழகிவிடாதீர்கள்!