பம்ப்ஸ் என்றால் மோட்டாரா, செருப்பா?

இங்கிலீஷ் ஒரே மொழிதான் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தார்கள். மேல்விஷாரத்தில் ஒரு ஷூ கம்பெனியில் வெளிநாட்டு ஆர்டர்களுக்குப் பதில் எழுத உட்கார்ந்த பிறகுதான், அது பங்காளிச் சண்டையில் பாகம் பிரித்த வீடு என்று தெரிந்தது.

எங்களுக்கு 'பம்ப்' என்றால் கிணற்றில் தண்ணீர் இறைப்பது. பிரிட்டன்காரருக்கு 'பம்ப்ஸ்' தட்டையான கான்வாஸ் ஷூ. அமெரிக்காவில் அதே பெயரில் பெண்களின் ஹீல்ஸ் வருகிறது. "ஹீல் உண்டா, இல்லையா?" என்று கேட்காமல் வேலையைத் தொடங்கினால் கன்டெய்னரே திரும்பி வரும்.

ஹவாய் செருப்பு நியூசிலாந்தில் 'ஜாண்டல்ஸ்', தென்னாப்பிரிக்காவில் 'ஸ்லாப்ஸ்', ஆஸ்திரேலியாவில் 'தாங்ஸ்'. இந்தக் கடைசிப் பெயருக்கு அமெரிக்காவில் வேறு அர்த்தம். "லெதர் தாங்ஸ், சாம்பிள் அனுப்பவும்" என்று சிட்னியிலிருந்து மெயில் வந்தது. கம்ப்யூட்டர் பையன் அந்தப் பெயரில் படம் தேடினான். அடுத்த நொடி "அஸ்தஃபிருல்லாஹ்!" என்று மானிட்டரையே அணைத்துவிட்டான்.

சொல்தான் தகராறு, எண்ணாவது ஒத்துப்போகுமா? பிரிட்டனும் அமெரிக்காவும் ஒரு சைஸுக்கும் அடுத்ததற்கும் வைத்திருக்கும் இடைவெளி மூன்றில் ஒரு அங்குலம். பழைய கணக்கில் ஒரு வாற்கோதுமை மணி. மணி ஒன்றுதான், எண்ணத் தொடங்கும் இடம்தான் வேறு. அதனால் லண்டனில் 8 போடும் ஆண்கால் நியூயார்க்கில் இறங்கினால் ஏறக்குறைய 9 ஆகிவிடுகிறது. விமானத்தில் கால் வீங்கும் என்பார்களே, அது இதுதான் போலிருக்கிறது.

நம் இங்கிலீஷ் மட்டும் லேசா? எங்கள் மேனேஜர் பாய் எந்தக் கடிதத்தையும் "கைண்ட்லி ரிவர்ட்" என்றுதான் முடிக்கச் சொல்வார். சிங்கப்பூர், மலேசியாவிலும் அதற்குப் 'பதில் போடுங்கள்' என்றே பொருள். லண்டன்காரருக்கோ 'பழைய நிலைக்குத் திரும்பு'. சுண்ணாம்பில் ஊறி, டிரம்மில் சுழன்று, குரோம் ஏறி, வெட் ப்ளூவாகி, கிரஸ்ட்டாகி, பளபளவென்று நிற்கிற தோல் பழைய நிலைக்குத் திரும்பினால் 'மே' என்றல்லவா கத்தும்!

பாயிடம் சொன்னேன். அவர் பேசாமல் அன்று வந்த லண்டன் மெயிலை என் பக்கம் திருப்பினார். கடைசி வரி: கைண்ட்லி ரிவர்ட்.

"தோலோட சேர்ந்து இதுவும் கப்பல் ஏறிடுச்சு தம்பி. இதுக்கு மட்டும் ஷிப்பிங் பில் கிடையாது."