கட்டணமில்லாக் கோட்டை

சிங்கப்பூரின் செந்தோசாத் தீவுக்குப் பாலம் போடாத காலத்தில், ஞாயிற்றுக்கிழமை காலையில் பிரியாணிப் பொட்டலமும் சுருட்டிய பாயுமாகக் குடும்பமே படகுத்துறை வரிசையில் நின்றதைச் சொன்னால், பாலம் வந்த 1992-க்குப் பிறகு பிறந்த என் வீட்டுப் பிள்ளைகள், அதோ தெரிகிற தீவுக்கு எதற்குப் படகு என்கிறார்கள். கேபிள் கார் 1974-லேயே வந்துவிட்டது. ஆனால் அந்தக் காசுக்கு ஒரு வாரக் காய்கறி வாங்கலாம் என்பது அம்மாவின் கணக்கு.

படகை விட்டு இறங்கினால் மோனோரயில். அதன் வேகத்துக்குக் கூடவே நடந்து வரலாம், ஆனாலும் சன்னலோர இடத்துக்கு அடிதடி. மேற்கு முனையில் சிலோசோ கோட்டை. சிங்கப்பூர்த் துறைமுகத்தைக் காக்க வெள்ளைக்காரன் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டியது. டிக்கட் வாங்கித்தான் உள்ளே விடுவார்கள். பீரங்கி மேல் ஏறி உட்கார்ந்து நான் மூழ்கடித்த ஜப்பானியக் கப்பல்களுக்குக் கணக்கே கிடையாது. கீழே நின்ற தாத்தாதான், "அவன் எங்கடா கப்பல்ல வந்தான், மலாயாவிலேருந்து சைக்கிள்ல இல்ல வந்தான்" என்று என் கடற்படை வெற்றியைக் கெடுப்பார். கடலைப் பார்த்திருந்த பீரங்கிகளைத் தரைப்பக்கம் திருப்பியும் சுட்டுப் பார்த்தார்கள் என்று பின்னாளில்தான் படித்தேன். 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் சரணடைய, எல்லாம் முடிந்தது.

கோட்டைச் சுரங்கத்தின் இருட்டில் நிற்கும் மெழுகுச் சிப்பாயைக் கண்டு அலறிய நான், வெளியே வந்ததும் தங்கைதான் பயந்தாள் என்று கூசாமல் சொல்லுவேன். அந்தி சாய்ந்ததும் இசை நீரூற்று. பாயை விரிக்கத்தான் இடம் கிடைக்காது. 2005-இல் மோனோரயில் போனது, 2007-இல் நீரூற்று போனது. இன்று சூதாட்ட விடுதியும் யூனிவர்சல் ஸ்டூடியோவும் இருக்கின்றன. டிரம்பும் கிம்மும் 2018-இல் கைகுலுக்கிய ஓட்டல்கூடப் பழைய ராணுவக் கட்டடங்களைச் சேர்த்துக் கட்டியதுதான். கோட்டைக்கோ 2015-இல் வான்நடைபாதை போட்டுவிட்டார்கள். வேர்த்து விறுவிறுத்து ஏறிய மேட்டுக்கு மின்தூக்கியில் ஏறி, மரங்களின் தலைக்கு மேலே நடந்து போய்விடலாம். போன மாதம் நான் போனபோது, காசு கொடுத்து முண்டியடித்த அதே சுரங்கத்தில் மெழுகுச் சிப்பாயும் நானும் மட்டும்தான் இருந்தோம். பாவம், அவரைக் கண்டு அலற ஆளில்லை.

ஓய்வான ஒரு காலைப்பொழுதில் போய் வாருங்கள். கோட்டைக்கு இப்போது கட்டணம் இல்லை. தண்ணீரை மட்டும் வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள், தீவில் அது விலை அதிகம்.