மூன்று செக்‌ஷனும் ஒரு எல்போவும்

பக்கத்து வீட்டு மொட்டைமாடிக் குழாயிலிருந்து மழைத்தண்ணீர் எங்கள் பெரியப்பாவின் மதில்மேல் நேராக ஊற்றியது. குழாய்க்குச் சொந்தக்காரர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். பெரியப்பா தாலுகா ஆபீசில் ஹெட்கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்றவர். இருவருக்கும் பென்ஷன் மாதாமாதம் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. வழக்காட இதைவிட என்ன தகுதி வேண்டும்?

குழாய், மதில், வரப்பு எல்லாம் சிவில். அடிதடி, திருட்டு, கொலை எல்லாம் கிரிமினல். சிவில் வழக்கை நாம் செலவழித்து நடத்த வேண்டும். கிரிமினல் வழக்கை அரசாங்கமே நடத்தும். இந்தக் கடைசி விஷயம் பெரியப்பாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்.

"ஐயா, இது சிவில் மேட்டர். கோர்ட்டுக்குப் போங்க" என்றார் ஏட்டையா. தமிழ்நாட்டில் இந்த வாக்கியத்தைக் காதால் கேட்காமலே போய்ச் சேர்ந்தவர்கள் பாக்கியசாலிகள்.

எதிர்த்த ஜெராக்ஸ் கடைத் திண்ணையில் மனு எழுதுகிறவர் ஒருவர் இருந்தார். பெரியப்பா அளந்து வைத்திருந்த மதில் நீள அகலத்தையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தண்ணி கிடக்கட்டும் சார். அவர் உங்களை என்ன சொல்லித் திட்டினார்?" என்றார்.

அப்புறம்தான் விவரம் புரிந்தது. நம் ஊர் எஃப்.ஐ.ஆர்.களில் மூன்று செக்‌ஷன்கள் பிரியாமல் சேர்ந்தே வரும்: 294 பி, 323, 506(2). ஆபாசமாகத் திட்டினார், கையால் அடித்தார், கொலை மிரட்டல் விடுத்தார். 2024 ஜூலை 1-ல் பாரதிய நியாய சன்ஹிதா வந்தபின் அவை 296 பி, 115(2), 351(3) ஆகிவிட்டன. "நம்பர்தான் சார் மாறிச்சு, சண்டை பழசுதான்" என்றார் மனுக்காரர்.

ஆனால் ஆபாசமாகத் திட்டினார் என்று மொட்டையாக எழுதினால் நிற்காதாம். சொன்ன வார்த்தையை அப்படியே போட வேண்டுமாம். பெரியப்பா என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "'உமக்கு அறிவிருக்கா'ன்னு கேட்டார்" என்றார்.

"அது கேள்வி சார். வேற?"

"முட்டாள்னார்."

மனுக்காரர் பேனாவை மூடிவிட்டார். பிறகு பெரிய மனது பண்ணி, "நானே ரெண்டு வார்த்தை போட்டுக்கறேன், விடுங்க" என்று எழுதி நீட்டினார். பெரியப்பா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு படித்தார். காது மடல் சிவந்தது. "எங்கம்மாவைப் பத்தி இப்படி எழுத உமக்கு என்னய்யா துணிச்சல்!" என்று மனுக்காரர் மேலேயே பாய்ந்தார். நல்லவேளையாக டீ வந்தது. இல்லாவிட்டால் மூன்று செக்‌ஷனும் அங்கேயே நிஜமாகியிருக்கும், பெரியப்பா பேரில். பொய்ப் புகார் கொடுப்பதும் குற்றம்தான் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அவர் அதற்குள் தாளைக் கிழித்துவிட்டிருந்தார்.

ஆக, முன்சீப் கோர்ட். 'பராசக்தி' பார்த்து வளர்ந்தவர் என்பதால், கூண்டில் ஏறிப் பேச வசனம்கூடத் தயார் செய்து வைத்திருந்தார். டவாலி இரண்டு பேரையும் கூப்பிட்டார். வக்கீல் எழுந்து ஏதோ முணுமுணுத்தார். அடுத்த தேதி போட்டார்கள். வசனம் வாய்தாவுக்கு வாய்தா சட்டைப்பைக்குள்ளேயே போய்வந்தது. நடுவில் கோர்ட் நியமித்த ஆணையராக இளம் வக்கீல் ஒருவர் டேப்பும் கையுமாக வந்து குழாயைப் பார்வையிட்டார். வந்தது சித்திரை மாதம். குழாயில் தண்ணீர் ஏதும் வரவில்லை என்று நேர்மையாக அறிக்கை கொடுத்தார்.

கடைசியில் வழக்கை லோக் அதாலத்துக்கு அனுப்பினார்கள். கொலை மாதிரி சமாதானம் பேச முடியாத குற்றங்கள் அங்கே போகாது. விபத்து இழப்பீடு, செக் மோசடி, எங்கள் குழாய் எல்லாம் போகும். இரு தரப்பும் ஒத்துக்கொண்டால்தான் தீர்வு, கட்டாயம் கிடையாது. மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த நீதிபதி கட்டைப் புரட்டிவிட்டு, "குழாய் நுனியில் ஒரு எல்போ மாட்டினால் தண்ணி தெருப்பக்கம் போயிடாதா?" என்று கேட்டார்.

இருவரும் பேசவில்லை. முதல் நாளிலிருந்தே இருவருக்கும் அது தெரியும் என்பதை முகமே சொல்லிற்று. எல்போ வாத்தியார் செலவு, பிளம்பர் கூலி பெரியப்பா செலவு என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். கட்டிய கோர்ட் பீஸ் முழுவதும் திரும்பக் கிடைக்கும் என்றார் வக்கீல்.

பெரியப்பாவுக்கு அதில் மனசு நிறையவில்லை. படியிறங்கும்போது கேட்டார், "இதுக்கு அப்பீல் போகலாமா?"

"லோக் அதாலத் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது சார். 1987 சட்டத்திலேயே அடைச்சிட்டாங்க."

பெரியப்பா இரண்டு படி மௌனமாக இறங்கினார்.

"சரி, சொன்ன தேதிக்குள்ள அவர் எல்போ வாங்கலைன்னா?"

"அது வேற. இது சிவில் கோர்ட் டிக்ரி மாதிரியேதான். நிறைவேற்றித் தரச் சொல்லி மனுப் போடலாம்."

"அதுக்கு வாய்தா உண்டா?"

"தாராளமா."

வீட்டுக்கு வந்ததும் பெரியப்பா காலண்டரில் அந்தத் தேதியைச் சுழித்துவிட்டு, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனார். வாத்தியார் ஹார்டுவேர் கடைப் பையோடு வருகிறாரா என்று பார்க்க அங்கிருந்துதான் வசதி.