பத்துக் காசும் ஒரு சான்றிதழும்

ரமணாசிரமத்துக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருப்பவனுக்குத் துறவிகள் புதிதல்ல. செங்கம் சாலையில் காவி கட்டியவர், வெள்ளை கட்டியவர், எதுவும் வேண்டாம் என்று விமானம் ஏறி வந்தவர் எல்லோரையும் பார்த்தாகிவிட்டது. நூலக அறிவியலில் முதுகலை முடித்த கையோடு கட்டாயத் துறவு வாங்கியவளை இப்போதுதான் பார்க்கிறேன். எதிர்வீட்டுப் பெண். தீட்சை கொடுத்தது ஆசிரமம் அல்ல, ஓர் ஆய்வு நூலகம். பெயர் வேண்டாம். ஒன்றின் பெயரைச் சொன்னால் மற்றவை தப்பித்துக்கொள்ளும்.

அறிவிப்பைக் காட்டினாள். ஆறு மாத இன்டர்ன்ஷிப். எம்.லிப். வேண்டும். நெட் தேறியிருந்தால் நல்லது. கோஹா மென்பொருள் தெரிய வேண்டும். கிரந்த எழுத்து படிப்பவருக்கு முன்னுரிமை. லேப்டாப் சொந்தமாகக் கொண்டுவர வேண்டும். இத்தனைக்கும் ஊதியம்: சான்றிதழ். தங்குவது அவரவர் பொறுப்பு. சாப்பாட்டைப் பற்றிப் பேச்சே இல்லை. கிரிவலப் பாதையில் அன்னதான வரிசையில் நின்றுகொள் என்று எழுதாததுதான் பாக்கி.

போனாள். முதல் வாரம் அலமாரி துடைத்தாள். அடுத்த வாரத்திலிருந்து பார்கோடு ஒட்டினாள். ஓலைச்சுவடி அறைக்குள் விடவில்லை. "இன்டர்ன்தானே" என்றார்களாம். கிரந்தம் தெரிந்தவளைத் தேடிப் பிடித்தது, பசை தடவுவதற்கு.

ஊழியர் வருகைப் பதிவேட்டில் அவளுக்கு இடமில்லை. தினமும் வாசகர் நோட்டில் கையெழுத்து. அதில் 'வந்த நோக்கம்' என்று ஒரு கட்டம். என்ன எழுதினாய் என்றேன். "'படிக்க'ன்னு போட்டேன் மாமா." ஆறு மாதத்தில் ஒரு பக்கம் படிக்க அவளுக்கு நேரமில்லை. 'நான் யார்' என்று விசாரிக்கச் சொன்னார் ரமணர். இவளுக்கு அந்த விசாரணை தினமும் காலை பத்து மணிக்கு, அந்த நோட்டின் முன்னால்.

ஆகஸ்ட் 12 நூலகர் தினம் வந்தது. எஸ்.ஆர். ரங்கநாதன் படத்துக்கு மாலை. சிறப்புரை. முந்திரி பக்கோடா. தலைவர் நூலகரின் தியாகத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். தியாகம் செய்தவர்கள் பின்னால் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

படத்தில் இருந்தவர் வாய் திறந்திருந்தால் தெரியும். சீர்காழிக்காரர், கணக்கு வாத்தியார். 1924-ல் அவரை நூலகராக்கிய சென்னைப் பல்கலைக்கழகம், முதலில் அலமாரியைத் துடை என்று சொல்லவில்லை. லண்டனுக்குக் கப்பல் ஏற்றியது. அங்கே படித்தார். குராய்டன் பொது நூலகத்தில் வேலை பழகினார். அதுவும் பயிற்சிதான். திரும்பி வந்தவர் 1931-ல் நூலக இயலின் ஐந்து விதிகளைக் கொடுத்தார், 1933-ல் கோலன் பகுப்பு முறையைக் கொடுத்தார். பின்னாளில் நூலக அறிவியல் பேராசிரியர் பதவிக்காகத் தன் கைப்பணம் ஒரு லட்சம் ரூபாயை அதே பல்கலைக்கழகத்துக்கு எழுதி வைத்தார். 1950-களின் ஒரு லட்சம். அவர் பெயரைச் சொல்லிப் பக்கோடா தின்பவர்களிடம் ஒரு பெண்ணுக்குக் கொடுக்கப் பஸ் காசு இல்லை.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 1961-ன் அப்ரண்டிஸ் சட்டம். 2019-ல் திருத்திய விதி பட்டதாரிக்கு மாதம் 9,000 ரூபாய் குறைந்தபட்ச உதவித்தொகை என்று வைத்தது. உதவித்தொகையில் பாதியை மத்திய அரசே ஏற்கும். அதனால்தான் 'அப்ரண்டிஸ்' என்ற சொல்லை யாரும் வாயில் வைப்பதில்லை. 'இன்டர்ன்' என்று அழைத்தால் போதும், சட்டம் திரும்பிப் படுத்துக்கொள்ளும்.

சரி, பயிற்சி முடிந்தால் வேலை? சிரிக்காதீர்கள். விடுதலைக்குப் பின் இந்தியாவிலேயே முதல் பொது நூலகச் சட்டம் போட்ட மாநிலம் இது, ஆண்டு 1948. மதுரையில் சுமார் 215 கோடியில் நூலகம் கட்டுவோம். கோட்டூர்புரத்தில் 2010-ல் திறந்த நூலகத்தை 2011-லேயே மருத்துவமனையாக்கப் பார்ப்போம். ஊராட்சிதோறும் நூலகம் கட்டிப் பூட்டி, உள்ளே பிளீச்சிங் பவுடர் மூட்டை வைப்போம். கட்டடத்துக்குக் கல்வெட்டு உண்டு, கல்வெட்டில் பெயர் உண்டு. நூலகருக்குச் சம்பளம் போட்டால் யார் பெயரைப் பொறிப்பது?

நாம் கைவிட்டதை யார் காப்பாற்றினார்கள் என்றும் பாருங்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் ஆயுள் முழுக்கச் சேர்த்த நூல்களைக் காக்கச் சிகாகோ பல்கலைக்கழகம் வர வேண்டியிருந்தது. எங்கள் அண்ணாமலையார் கோயில் கல்வெட்டுகளைத் தொகுத்துப் பதிப்பிக்கப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் வர வேண்டியிருந்தது. உலகின் மூத்த மொழி என்று மேடையில் மார்தட்டுவது மட்டும் நம் வேலை.

எதிர்வீட்டுப் பெண் இப்போது செங்கம் சாலையில் ஒரு கடையில் பில் போடுகிறாள். அங்கேயும் பார்கோடுதான். சோப்புக்கு, பிஸ்கட்டுக்கு. முதல் மாதமே சம்பளம் வந்துவிட்டது. சான்றிதழை லேமினேட் செய்து பீரோவில் வைத்திருக்கிறாள்.

அடுத்த முறை வீட்டு வரி கட்டும்போது ரசீதை மடித்துப் பையில் போடாதீர்கள். அதில் 'நூலக வரி' என்று ஒரு வரி இருக்கும். சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு. அது நம் பணம். எங்கே போகிறது என்று கவுன்ட்டரில் நின்று சத்தமாகக் கேளுங்கள்.