‘ங்’ எண்ணிப் பழகுங்க

ஏனுங் தம்பி, ஊருக்குப் புதுசுங்களா? பேங்க்குங்களா, பள்ளிக்கூடமுங்களா, காத்தாடிக் கம்பெனிங்களா? எதுவா இருந்தாலுஞ் சரி, இப்பிடித் திண்ணையில உக்காருங்க. உடுமலைக்கு மாத்தலாகி வந்தவங்களுக்கு வூடு புடிச்சுக் குடுக்கறதுக்குத் தரகருக இருக்கறாங்க. எங்க பேச்சைப் புடிச்சுக் குடுக்கறதுக்குத்தான் ஆளில்லை. நானும் வேலையத்துத்தான் உக்காந்திருக்கறேன்.

மொதல்ல ஒண்ணு. கோயமுத்தூர்ப் பக்கம் மரியாதையாப் பேசுவாங்கன்னு உங்கூர்ல சொல்லி அனுப்பியிருப்பாங்க. நெசந்தானுங்க. ஆனா மரியாதையாப் பேசறதெல்லாம் சம்மதம்னு நெனச்சுக்காதீங்க. ‘பாக்கலாமுங்க’ன்னா பாக்கமாட்டோம்னு அர்த்தம். ‘ஆகட்டுமுங்க’ன்னா, ஆகறப்ப ஆகும். ‘அப்படீங்களா’ன்னு கொஞ்சம் இழுத்தாங்கன்னா, நீங்க சொன்னதுல ஒரு சொல்லையும் நம்பலை. வூட்டுக்காரருகிட்ட வாடகையைக் கொறைக்கச் சொல்லிப் பாருங்க, மூணும் ஒட்டுக்கா வரும்.

அடுத்தது நேரம். ‘பொழுதோட வாங்க’ன்னு சொன்னா, நேரத்தோட வரச் சொல்றாங்கன்னு காத்தால பத்து மணிக்குப் போயி நிக்காதீங்க. வூட்டுல கெழவியும் நாயுந்தான் இருக்கும். ரெண்டும் உங்களை வெரட்டும். பொழுதோடன்னா சாயங்காலம். வெடியாலன்னா விடியக் கருக்கல்ல. பொழுதுக்கும்னா நாள் பூராவும். ‘பொழுதுக்கும் செல்லையே நோண்டிட்டு இருந்தா உருப்படுமா?’ன்னு நான் என்ற பேரனைத் திட்டறப்ப, பக்கத்துல நீங்க உக்காந்திருந்தீங்கன்னா உங்களுக்கும் பங்கு உண்டுங்க.

‘அவிய காட்டுக்குப் போயிட்டாங்க’ன்னா பதறவேண்டாம். மானம் பாத்த வெள்ளாமை பண்ற நெலந்தான் எங்களுக்குக் காடு. கெணத்துத் தண்ணியோ வாய்க்கால் தண்ணியோ பாஞ்சா அது தோட்டம். தோட்டம்னதும் ரோசாப்பூவைத் தேடாதீங்க, தென்னமரந்தான் நிக்கும். யானையும் புலியும் இருக்கற நெசக் காடு தெக்கால இருக்குதுங்க, ஆனைமலைப் புலிகள் காப்பகம். அதுக்கு நாங்க மலைன்னு சொல்லுவோம். மூணாறு ரோட்டுல 9/6 செக்போஸ்டைத் தாண்டுனதுக்கு அப்பறம் பயந்துக்கலாம், அதுவரைக்கும் தைரியமா இருங்க.

டீக்கடையில ‘தண்ணி வந்துருச்சா?’ன்னு ஒருத்தரு கேட்டா, நகராட்சிக் குழாயைப் பத்தியில்லை. பரம்பிக்குளம் ஆழியாறு வாய்க்கால்ல, பி.ஏ.பி.ன்னு சொல்றோமில்லீங்க, அதுல பாசனத்தை நாலு மண்டலமாப் பிரிச்சு, முறை வெச்சுத் தண்ணி விடறாங்க. ‘நீங்க எந்த மண்டலம்?’னு கேட்டாங்கன்னா உங்க பேங்க்கு மண்டல ஆபீசு பேரைச் சொல்லி வெச்சராதீங்க. பத்து வருசத்துக்கு அதைச் சொல்லிச் சிரிப்பாங்க.

விருந்துக்குப் போற வூட்டுல ‘தண்ணி வாத்துக்கறீங்களா?’ன்னு கேட்டா டம்ளரை நீட்டாதீங்க. குளிக்கச் சொல்றாங்க. பொடக்காலிக்கு வழி காட்டுவாங்க; அது பொறக்கடைப் பக்கம், வெந்நியும் அங்கதான் இருக்கும். குளிச்சுட்டு வந்தா வட்டல்ல சோறு போடுவாங்க. அந்த வூட்டு அம்மிணி ‘செலவு தீந்துபோச்சு’ன்னு முணுமுணுத்தா, விருந்துல காசு கரைஞ்சுபோச்சுன்னு நீங்க பர்ஸை எடுக்கவேண்டாம். மொளகு, சீரகம், மல்லி மாதிரி அஞ்சறைப் பெட்டிச் சாமானுக்குத்தான் செலவுன்னு பேரு. செலவு அரைச்சு ஊத்துன ரசத்தை ஒருக்காக் குடிச்சுப் பாருங்க, மாத்தல் கேக்கறதையே மறந்துருவீங்க.

சொந்தக்காரங்க கணக்குலயும் சூதானமா இருங்க. ‘இது எங்கப்பாரு வெட்டுன கெணறு’ன்னு ஒரு சின்னப் பையன் காட்டுனா, அவனைப் பெத்தவருக்கு வயசு தொண்ணூறான்னு மலைக்காதீங்க. அப்பாருன்னா அப்பாவைப் பெத்தவரு. அம்மாவைப் பெத்தவரு அப்பிச்சி, அவரு சம்சாரம் அமிச்சி. இவங்க எல்லாரும் ஒரே வண்டியில வந்து எறங்குனா ஒறம்பரை வந்திருக்குதுன்னு அர்த்தம். அன்னிக்கு நீங்க வேற வூட்டுக்குப் போங்க.

இதெல்லாம் எங்கூருக்கு மட்டும் உள்ள அழிச்சாட்டியம்னு நெனைக்காதீங்க. இங்கிலாந்துல நாட்டிங்காம்னு ஒரு ஊரு. அங்க பஸ் ஓட்டறவரு முன்னப்பின்னத் தெரியாதவங்களையும் ‘மீ டக்’ம்பாராம். டக்குன்னா வாத்துங்க! கோவிச்சுக்கப்படாது, நாங்க ‘கண்ணு’ம்போமில்ல, அவியளுக்கு அது. குறுகலான சந்துக்கு ‘ட்விச்செல்’. உருண்டை ரொட்டிக்கு ‘காப்’. உம்முனு மூஞ்சியைத் தூக்கி வெச்சிருந்தா ‘மார்டி’. இங்கிலீசுப் பரீச்சையில அள்ளிக் குமிச்சு மார்க்கு வாங்கிட்டு ஏரோப்ளேன் ஏறுன புள்ளைகளும் ரொட்டிக்கடையில போயி முழிக்கத்தான் செய்யும்.

சினிமாப் பாத்துக் கத்துக்கலாம்னு மட்டும் நெனச்சராதீங்க. இங்க பக்கத்துல வல்லக்குண்டாபுரத்துல பொறந்த கவுண்டமணி எங்க லொள்ளைத் தமிழ்நாடு பூரா கொண்டுபோயிச் சேத்துட்டாரு. ஆனா அவரு பேசுனது செந்தில்கிட்ட. நீங்க பேசப்போறது மேனேஜருகிட்ட.

படிச்சுத்தான் தெரிஞ்சுக்குவேன்னா, 1942லயே ஆர். சண்முகசுந்தரம் ‘நாகம்மாள்’ நாவல்ல எங்க பேச்சை அச்சுல ஏத்திட்டாரு. பெருமாள்முருகன் 2000த்துல ‘கொங்கு வட்டாரச் சொல்லகராதி’யே போட்டுட்டாரு. ரெண்டையும் வாங்கிப் படிங்க. சொல்லுக்கு அர்த்தம் அதுல கெடைக்கும். சொல்றவரு மனசுல என்ன இருக்குதுன்னு தெரிஞ்சுக்க, மரியாதைக்குப் போடற ‘ங்’கைத்தான் எண்ணோணும்.

அந்தக் கணக்கு இதுதானுங்க. வந்த புதுசுல ‘வாங்க சார், உக்காருங்க’. பழகுன பொறவு ‘வாங்க தம்பி’. வூட்டாளாச் சேத்துக்கிட்டா ‘எங்க கண்ணு போயித் தொலைஞ்சே, ஆளையே காணம்?’ ‘ங்’ கொறைஞ்சா மரியாதை போச்சுன்னு மூஞ்சியைச் சுளிக்காதீங்க, ஒறவு கூடியிருக்குது. அதுக்கு மாறா, ‘நீங்க சொன்னாச் சரியாத்தானுங்க இருக்குமுங்க, உங்களுக்குத் தெரியாததுங்களா?’ன்னு வார்த்தைக்கு வார்த்தை விழுந்துச்சுன்னா, உங்களை வெச்சு நையாண்டி நடக்குது. அப்ப பொட்டாட்ட எந்திரிச்சு நடையைக் கட்டீருங்க.

இவ்வளவு நேரமா நான் உங்களுக்கு எத்தனை ‘ங்க’ போட்டிருக்கறேன்னு வூட்டுக்குப் போயி எண்ணிப் பாத்துட்டு, பொழுதோட வந்து சொல்லுங்க.