கால்கட்டுக் கேள்விகள்

ஒன்றரை லட்சம் கொடுத்து ரோடு பைக் வாங்கினேன். பெட்டியைப் பிரித்தால் பெடலைக் காணோம். கடைக்காரர் கைவரிசையா?
– சந்தேகப் பிராணி, தாம்பரம்

கடைக்காரரை விட்டுவிடுங்கள், பாவம். விலை கூடிய ரோடு பைக்குகள் பலவும் பெடல் இல்லாமல்தான் வரும். வாங்குகிறவரிடம் ஏற்கெனவே ஒரு ஷூ இருக்கும், அதற்குப் பொருந்துகிற பெடலை அவரே மாட்டிக்கொள்வார் என்பது கம்பெனியின் கணக்கு. உங்களிடம் இருப்பது ஹவாய் செருப்பு என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

எஸ்பிடி, எஸ்பிடி-எஸ்எல், லுக், ஸ்பீடுபிளே... தலை சுற்றுகிறது. எதை வாங்க?
– ஆர்.எஸ்.புரம், கோவை

பெயர்களை மறந்துவிட்டு ஷூவைத் திருப்பி அடிப்பாகத்தைப் பாருங்கள். பெடலில் பூட்டிக்கொள்ளும் கிளீட் என்ற துண்டை மாட்ட எத்தனை திருகு போட இடம் விட்டிருக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இரண்டு திருகு என்றால் எஸ்பிடி. மலைப்பாதை சைக்கிளுக்காக ஷிமானோ கம்பெனி 1990-ல் கொண்டுவந்தது. கிளீட் சிறிய இரும்புத் துண்டு. ஷூவின் அடியில் ஒரு பள்ளத்துக்குள் பதுங்கிக்கொள்ளும். இறங்கி நடந்தால் பெரும்பாலும் ரப்பர்தான் தரையில் படும். அநேக பெடல்களில் இரண்டு பக்கமும் மாட்டலாம், குனிந்து பார்க்க வேண்டியதில்லை.

மூன்று திருகு என்றால் லுக்கின் வம்சம். பிரான்சைச் சேர்ந்த லுக், பனிச்சறுக்குப் பலகையில் பூட்ஸைப் பூட்டும் கருவி செய்துவந்த கம்பெனி. சறுக்கும்போது பிடித்துக்கொள்ள வேண்டும், விழும்போது விட்டுவிட வேண்டும். அந்த வித்தையை 1984-ல் பெடலில் இறக்கினார்கள். அடுத்த ஆண்டே சைக்கிள் வீரர் பெர்னார் இனோ அந்தப் பெடலோடு டூர் தெ பிரான்ஸ் பந்தயத்தை ஜெயித்தார். அதுவரை பாதத்தைக் கூண்டுக்குள் நுழைத்து வாரால் இறுக்கிக்கொண்டிருந்த பந்தயக்காரர்கள் மெல்ல மெல்லக் கட்சி மாறினார்கள். ஷிமானோவின் எஸ்பிடி-எஸ்எல் கிளீட்டும் மூன்று திருகுதான். பெரிய பிளாஸ்டிக் முக்கோணம். மிதிக்கும்போது கால் ஆடாமல் அசையாமல் நிற்கும். ஆனால் அது ஷூவுக்கு வெளியே துருத்திக்கொண்டிருப்பதால், இறங்கினால் வாத்து நடை. பெடலிலும் ஒரு பக்கம்தான் மாட்டும். பின்பாதி கனமாக இருப்பதால் மூக்கைத் தூக்கிக்கொண்டு தொங்கும். அதை ஷூ நுனியால் தட்டி நுழையப் பழக வேண்டும்.

ஸ்பீடுபிளே நான்கு திருகு, இப்போது வாஹூ கம்பெனியின் கையில் இருக்கிறது. நல்ல சரக்கு, முதல் முறை வாங்குகிறவருக்குத் தேவையில்லாத சரக்கு.

என் ஓட்டு இரண்டு திருகுக்கு. “ரோடு பைக்கில் மலை சைக்கிள் பெடலா?” என்று உடன் ஓட்டுகிறவர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். அவர்களை பிரெவே என்கிற 200 கிலோமீட்டர் நெடுந்தூரச் சவாரியில் கவனியுங்கள். 13 மணி 30 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். நடுநடுவே டீக்கடை, தண்ணீர், கழிவறை என்று இறங்கியே ஆக வேண்டும். பெட்ரோல் பங்க் ஈரத்தரையில் சுவரைப் பிடித்தபடி நகர்கிறவர் யார், கையில் டீயோடு சாதாரணமாக நடக்கிறவர் யார் என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். விடியலில் கிளம்பி எங்கும் நிற்காமல் வீடு திரும்புகிறவர், பந்தயத்துக்குப் போகிறவர் – இவர்களுக்கு மூன்று திருகு சரி.

கிளீட்டில் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று வருகிறதே, பைக் நிறத்துக்குப் பொருத்தமாக வாங்கலாமா?
– அழகுணர்ச்சி உள்ளவன், புதுச்சேரி

வாங்கினால் முழங்கால் பேசும். நிறம் சொல்வது, பூட்டிய பிறகும் குதிகால் எத்தனை டிகிரி அசையலாம் என்பதை. ஷிமானோவின் எஸ்பிடி-எஸ்எல்லில் சிவப்புக்கு அசைவே கிடையாது, நீலத்துக்கு 2 டிகிரி, மஞ்சளுக்கு 6. லுக்கின் கியோ கிளீட்டில் கறுப்பு பூஜ்யம், சாம்பல் 4.5, சிவப்பு 9. ஒரு வீட்டில் சிறையாக இருக்கும் சிவப்பு அடுத்த வீட்டில் விடுதலை. லுக்கில் கறுப்பும் சிவப்பும் எதிரெதிர் முனைகள் என்பதில் அரசியல் எதையும் தேடாதீர்கள். புதியவர்கள் ஷிமானோவில் மஞ்சள், லுக்கில் சாம்பல் என்று தொடங்கலாம். ஒரு கம்பெனி கிளீட்டை இன்னொரு கம்பெனி பெடலில் திணித்துப் பார்க்கவும் வேண்டாம்.

என் கணவர் காலைப் பூட்டும் இந்தப் பெடல் மாட்டியதிலிருந்து சிக்னலில் நின்றபடியே, மரம் சாய்கிற மாதிரி மெதுவாக விழுகிறார். ஒரு முறை பள்ளிக்கூட வேன் குழந்தைகள் கைதட்டினார்கள். ஏதாவது செய்ய முடியுமா?
– மானம் போன மனைவி, அண்ணாநகர்

குழந்தைகளைக் கண்டிக்காதீர்கள், பார்க்க நன்றாகத்தான் இருக்கும்.

பதற்றத்தில் கால் மேலே இழுக்கும். அது உடம்பின் சுபாவம். மேலே இழுத்தால் விடக்கூடாது என்பதற்காகவே செய்யப்பட்ட பூட்டு அது. இழுக்க இழுக்கப் பிடித்துக்கொண்டிருக்கும். குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் மட்டும் ‘டக்’ என்று விட்டுவிடும். இதை அவர் மூளை அறியும், கால் அறியாது. கால் கற்க ஒரே வழி, வீட்டுச் சுவரில் கைவைத்து சைக்கிள் மேல் உட்கார்ந்து, மாட்டு, கழற்று, மாட்டு, கழற்று என்று சலிக்கிற வரை செய்வது. நீங்கள் காய் நறுக்கும் நேரத்தில் செய்யச் சொல்லலாம்.

அடுத்தது, பெடலின் பின்புறம் ஒரு சின்னத் திருகு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பல பெடல்களில் பூட்டு எவ்வளவு இறுக்கம் என்பதைத் தீர்மானிப்பது அதுதான். ஆலன் கீ வைத்து முழுக்கத் தளர்த்திவிட்டால், பாதி விழுதல் நின்றுவிடும். எஸ்பிடி என்றால் எஸ்எச்56 என்ற கிளீட்டும் உண்டு. அது ஒரு திசைக்கு மேல் விட்டுக்கொடுக்கும்.

கடைசியாக, சிக்னலில் நின்ற பிறகு கழற்றக் கூடாது. விளக்கு சிவப்பானதைத் தூரத்தில் பார்த்தபோதே இடது காலை விடுவித்து, உடம்பை இடப்பக்கம் சாய்த்து வந்து நிற்க வேண்டும். நம் ஊரில் நடைபாதை இருப்பது இடப்பக்கம். வலப்பக்கம் விழுந்தால் கைதட்ட யாரும் இருக்க மாட்டார்கள், லாரிதான் இருக்கும்.

இந்தப் பெடல் போட்டால் வேகம் 30 சதவீதம் கூடும் என்கிறார் நண்பர்.
– திருநெல்வேலி

நண்பர் பெடல் விற்கிறாரா? கொலராடோ பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2016-ல் வெளியானது. மிதமான உழைப்பில், சாதாரண ஓட்ட ஷூவோடு தட்டைப் பெடலை மிதிப்பதற்கும் பூட்டிக்கொண்டு மிதிப்பதற்கும், செலவாகும் சக்தியில் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை என்றது. லாபம் வேறு இடத்தில் இருக்கிறது: மழையில் கால் வழுக்காது, வேகமாகச் சுற்றும்போதும் எழுந்து நின்று மிதிக்கும்போதும் பாதம் இடம் மாறாது. அது போதாதா?

பெடலுக்கு அதிகம் செலவழிக்கவா, ஷூவுக்கா?
– திருச்சி

ஷூவுக்கு. நான்கு மணி நேரம் காலோடு ஒட்டிக்கொண்டிருப்பது அதுதான். ஷிமானோவின் விலை குறைந்த பெடலே ஆண்டுக்கணக்கில் உழைக்கும். பொருந்தாத ஷூ ஒரு மணி நேரத்தில் விரல்களை மரத்துப்போக வைத்துவிடும்.

சாயங்காலம் கடைக்குப் போங்கள், பாதம் அப்போதுதான் சற்று வீங்கி, ஓட்டும்போது இருக்கிற அளவுக்கு வரும். செருப்பிலும் வெறுங்காலிலும் வளர்ந்த நமக்கு முன்பாதம் அகலம். ஐரோப்பிய ஷூக்களில் பல ஒடுக்கம். நீளத்தைக் கூட்டி அகலத்தைச் சமாளிக்கப் பார்த்தால் குதிகால் கழன்று ஆடும். ‘வைட்’ என்ற அளவு இருக்கிறதா என்று கேளுங்கள், ஷிமானோ சில மாடல்களில் தருகிறது. கார்பன் அடிப்பாகம் விறைப்பாக இருக்கும், விலையும் விறைப்பாக இருக்கும். வார இறுதிச் சவாரிக்கு நைலான் போதும். நம் வெயிலுக்குக் காற்றோட்டமான வலைத்துணி நல்லது. பணம் கொடுக்கும் முன் மறுபடி ஒருமுறை அடியில் துளைகளை எண்ணுங்கள். இரண்டு துளைப் பெடலை வைத்துக்கொண்டு மூன்று துளை ஷூ வாங்கியவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

இடது பெடலைக் கழற்ற ஸ்பேனரில் தொங்கியும் அசையவில்லை.
– பல்லாவரம்

இறுக்கிக்கொண்டிருக்கிறீர்கள். இடது பெடலுக்கு மரை தலைகீழ், வலச்சுற்றில்தான் கழலும். மிதிக்க மிதிக்கத் தானே தளர்ந்துவிடாமலிருக்க இந்த ஏற்பாடு. குழப்பமாக இருந்தால், ஸ்பேனரின் பிடியை மேல்நோக்கி வைத்துப் பின்சக்கரத்தின் பக்கம் தள்ளுங்கள்; இரண்டு பெடலும் அப்படித்தான் கழலும். திரும்ப மாட்டும்போது மரையில் கிரீஸ் தடவுங்கள். கடலோரக் காற்று அடிக்கிற ஊரில் அதற்குச் சோம்பினால் பெடலும் கிராங்கும் பிரியாத் தம்பதி ஆகிவிடும்.

புதிய கிளீட் மாட்டியதிலிருந்து முழங்கால் வலி.
– ஈரோடு

பழையது இருந்த இடத்தை மார்க்கரால் கோடு போட்டுக்கொண்டு கழற்றியிருக்கலாம். இப்போது, கால் பெருவிரலின் அடிமேடு பெடல் அச்சுக்கு மேலேயோ சற்று முன்னேயோ வருகிறதா, பாதம் இயல்பான கோணத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். வலி நிற்காவிட்டால் சைக்கிளை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

கொல்லிமலை ஏறப் போகிறேன். 70 கொண்டை ஊசி வளைவிலும் காலைப் பூட்டியே வைக்கலாமா?
– ராசிபுரம்

வைக்கலாம். ஆனால் ஏற்றத்தில் வேகம் நடைக்குக் கீழே இறங்கிவிட்டால், மிதி நின்ற மறுநொடி சைக்கிளும் நின்றுவிடும்; கழற்ற அவகாசம் இருக்காது. கால் தளர்கிறது என்று தோன்றினாலே, வளைவுக்கு முன்பே ஒரு காலை விடுவித்து ஓரம் கட்டுங்கள். எதிரே இறங்கி வரும் பஸ்ஸின் ஹாரன் கேட்ட பிறகு குதிகாலைத் தேடாதீர்கள்.