புது ஐயா வர்றாரு, சாவியை எடுத்து வையி

உக்காரு தம்பி. செக்ரட்டரி ஆனதுக்கு அப்பால இன்னிக்குத்தான் எங்க வூட்டுக்கு வழி தெரிஞ்சிதா? பாஸ்டர் ஐயாவுக்கு மாத்தல் வந்த சேதி எனக்கு எப்பவோ தெரியும். பிஷப் ஆபீஸ்ல ஆர்டர் டைப் அடிக்கறதுக்கு முன்னாடியே செவ்வாப்பேட்டை ரோடு ஸ்டேஷன் டீக்கடைக்கு வந்துடும் இந்த மாதிரி சேதியெல்லாம். கேட்டா, ஜெபத்துல வெளிப்பட்டுச்சும்பாங்க. எனக்கு வெளிப்பட்டது பால்காரன் மூலமா.

புது ஐயாவை எப்படி வரவேக்கறதுன்னு யோசனை கேக்க வந்திருக்கே. சொல்றேன். இந்த ரயில் லைன்ல எல்லா ஸ்டேஷனுக்கும் ஒரு சபை இருக்குது, எல்லாச் சபையிலயும் நடக்கற முறைதான். புதுசா ஒண்ணும் சொல்ல மாட்டேன். புதுசுன்னாதான் நமக்கு ஆகாதே.

மொதல்ல போறவரை அழ வைக்கணும். அஞ்சு வருஷமா அவரு பிரசங்கத்துல வாட்சைப் பார்த்துகினு உக்காந்திருந்தவன் எல்லாம் வழியனுப்பு கூட்டத்துல மூக்கைச் சிந்தணும். இவரை மாதிரி ஒரு போதகர் இனிமே இந்தச் சபைக்கு வரப்போறதில்லன்னு ஒவ்வொருத்தனும் மைக் பிடிச்சி சொல்லணும். சொன்னதை வீடியோ எடுத்து வாட்ஸ்அப்புல போட்டுடு. புதுசா வரப்போறவரும் பார்க்கணும் இல்ல? அப்பால ஒரு சுவர்க் கடியாரம் குடுங்க. பாவம், அவரு ஊர் ஊரா வாங்கின கடியாரத்தையெல்லாம் மாட்டறதுன்னா குருமனையில சுவரு பத்தாது. ஆனா ஒண்ணு, எந்தக் கடியாரத்தைக் குடுத்தாலும் பிரசங்கத்தைச் சுருக்கினதா சரித்திரம் இல்ல.

சாமான் ஏத்த லாரி எத்தினின்னு எண்ணிப் பாக்கவும் ஒருத்தனை நிறுத்தி வையி. வந்தப்போ ஒரு டாட்டா ஏஸ், போறப்போ ரெண்டு லாரின்னு அடுத்த பத்து வருஷத்துக்குப் பேசலாம். இதே மெட்ராஸ் டயோசீஸுக்கு 1965-லயிருந்து 1974 வரைக்கும் பிஷப்பா இருந்தாரே லெஸ்லி நியூபிகின், அவரு கதை தெரியுமா உனக்கு? ஸ்காட்லாந்து சபை மிஷனரியா வந்து, காஞ்சிபுரத்துல தமிழ் பேசிகினு கிராமம் கிராமமா சுத்தினவரு. 1947-ல மதுரைப் பக்கம் பிஷப் ஆக்கினப்போ வயசு 37. மெட்ராஸ்ல ரிடையர் ஆனதும் சம்சாரம் ஹெலன் அம்மாவைக் கூட்டிகினு ஊருக்குக் கிளம்பினாரு. பிளேன்ல இல்ல, கப்பல்ல இல்ல. ரெண்டு பெட்டி, முதுகுல மாட்டற பை ஒண்ணு. கிடைச்ச பஸ்ஸுல ஏறி இறங்கி, தரை வழியாவே இங்கிலாந்து போய்ச் சேர்ந்தாங்க.

போற வழியில துருக்கியில கப்பத்தோக்கியா. பைபிள்ல வருதே, அதே ஊருதான். ஒரு காலத்துல பெரிய பெரிய சபைப் பிதாக்கள் இருந்த சீமை. அங்க ஒரு ஞாயித்துக்கிழமை, கூட உக்காந்து ஆராதிக்க ஒரு கிறிஸ்தவனும் கிடைக்கல. புருஷன் பொண்டாட்டி ரெண்டே பேர் உக்காந்து ஆராதனை நடத்தினாங்களாம். நினைச்சிப் பாரு தம்பி. கமிட்டி இல்ல, கோரம் இல்ல, மினிட்ஸ் புக்கு இல்ல, உண்டிச் சாவி யாருகிட்டன்னு சண்டை இல்ல. பட்டம் கட்டினதுக்கு அப்பால அந்த மனுஷன் நிம்மதியா ஜெபம் பண்ணினது அன்னிக்குத்தானோன்னு எனக்கு ஒரு சந்தேகம்.

ஊருக்குப் போயும் சும்மா இல்ல. எழுபது வயசு வாக்குல, பர்மிங்ஹாம்ல ஜெயிலுக்கு எதிர்த்தாப்ல, மூடிடலாமான்னு பேசிகினு இருந்த சின்னச் சபை ஒண்ணுக்குப் பாஸ்டரா போய் நின்னாரு. பிஷப்பா இருந்தவரு! நம்ம ஆளுக்குப் பொருளாளர் பதவி போச்சுன்னா அடுத்த ஞாயித்துக்கிழமை பெந்தெகொஸ்தே சபையில கை தட்டிகினு நிக்கறான்.

சரி, குருமனைக்கு வா. பழைய ஐயா காலி பண்ணின அன்னிக்கே போய் ஸ்டாக் ரெஜிஸ்டரை வெச்சிகினு எண்ணணும். ஃபேன் மூணு, டியூப்லைட் அஞ்சு, அலமாரி ஒண்ணு, கால் ஆடற கட்டில் ஒண்ணு. பின்னாடி இருக்கற கறிவேப்பிலை மரத்தையும் எண்ணிக்கோ, அது போன பாஸ்டரம்மா வெச்சது, இந்தம்மா தண்ணி ஊத்தலைன்னு அடுத்த மாசம் பேச்சு வரும். கூரை ஒழுகறது மட்டும் ரெஜிஸ்டர்ல ஏறாது. மூணு ஐயா மாறிட்டாங்க, அதே மூலையில அதே குண்டான் வெச்சிருக்குது. மராமத்துக்குப் பணம் இல்ல, வரவேப்பு ஃப்ளெக்ஸுக்கு இருக்குது. ஃப்ளெக்ஸ்ல அவரு படம் சின்னதா, கமிட்டி படம் பெருசா போடுங்க. வர்றவரு யாரு வூட்டுக்கு வர்றோம்னு தெரிஞ்சிக்கணும் இல்ல?

அப்பால சாப்பாடு. இதுதான் முக்கியம். தண்டவாளத்துக்கு இந்தப் பக்கத்துக்காரன் மொதல்ல கூப்பிட்டுச் சோறு போட்டா ஐயா இந்தப் பக்கத்து ஆளு. அந்தப் பக்கத்துக்காரன் முந்திக்கினா அந்தப் பக்கத்து ஆளு. பாவம் அவருக்கு இன்னா தெரியும், பிரியாணின்னு நினைச்சித் துன்னுட்டு வருவாரு. தாம்பூலம் வைக்கற நேரத்துல, 'உங்களுக்காகத்தான் சொல்றேன் ஐயா, எனக்கு இதுல ஒண்ணும் இல்ல'ன்னு ஆரம்பிக்கணும். எனக்கு ஒண்ணும் இல்லன்னு சொல்றவன்கிட்டதான் அம்மாம் இருக்கும். ஒரு மாசத்துல சபையில இருக்கற அத்தினி பேரும் எப்பேர்ப்பட்ட அயோக்கியனுங்கன்னு அவருக்கு வகைவகையாத் தெரிஞ்சிடும். அப்பால ஞாயித்துக்கிழமை பீடத்துல நின்னுகினு, 'கிறிஸ்துவுக்குள் பிரியமானவர்களே'ன்னு வாய் கூசாம சொல்றாரே, அதுக்கே அவரு சம்பளத்தை ஏத்தலாம்.

பிரசங்கத்தை எடை போடறதுக்கு முறை இருக்குது. மாமியா உடைச்சா மண்சட்டி, மருமவ உடைச்சா பொன்சட்டிம்பாங்க இல்ல? அதேதான். பழையவரு முக்கால் மணி பேசினா ஆழம், புதுசா வந்தவரு அரை மணி பேசினா நீளம். அவரு கோபப்பட்டா கண்டிப்பு, இவரு கோபப்பட்டா திமிரு. கீபோர்டு பையன்கிட்ட சொல்லி மொத ஞாயித்துக்கிழமையே கீர்த்தனையை ரெண்டு கட்டை ஏத்தி வாசிக்கச் சொல்லு. அவரு பாட முடியாம இருமினா, 'பழைய ஐயாவுக்குக் குரலு தேனு'ன்னு பின் வரிசையிலயிருந்து ஒரு பெருமூச்சு வரணும்.

கல்யாணம் வந்தா இன்னும் விசேஷம். மூணு ஞாயித்துக்கிழமை ஓலை வாசிக்கறது புது ஐயா. ரெஜிஸ்டர் எழுதறது புது ஐயா. பொண்ணு வூட்டுக்கு அட்வைஸ் சொல்றது, மாப்பிள்ளை ஞானஸ்நான சர்டிபிகேட்டைத் தேடி அலையறது, எல்லாம் புது ஐயா. ஆனா தாலி எடுத்துக் குடுக்கறதுக்கு மட்டும் பழைய ஐயா கார்ல வந்து இறங்கணும். புது ஐயா மூணாவது நாற்காலியில உக்காந்துகினு போட்டோவுக்குச் சிரிக்கணும். போன மச்சான் திரும்பி வந்தான் பூமணத்தோடன்னு எங்க ஆயா சொல்லும். போனவரும் லேசுப்பட்டவர் இல்ல தம்பி. எந்த வூட்டுல யாருக்குச் சளி புடிச்சாலும் ஐம்பது கிலோமீட்டருக்கு அந்தாண்டயிருந்து போன்ல ஜெபம் பண்ணுவாரு. கூப்பிட்டவனைக் குத்தம் சொல்றதா, வந்தவரைக் குத்தம் சொல்றதா? ரெண்டு பேரும் சாப்பிட்டு முடிச்சப்பால யோசிக்கலாம்.

இந்த மாத்தலை யாரு கண்டுபுடிச்சதுன்னு நினைக்கறே? நம்ம திருவள்ளூர், இக்காடு பக்கமெல்லாம் ஊழியத்துக்கு வந்தது வெஸ்லியன் மிஷன்காரங்க. இக்காட்டுல இருந்தாரே வில்லியம் கௌடி துரை, திருவள்ளூர் பள்ளிக்கூடத்துக்கு இன்னிக்கும் அவரு பேருதானே. அவங்களுக்கெல்லாம் மூல புருஷன் ஜான் வெஸ்லி. அவரு 1756-லயே ஒரு கடுதாசியில எழுதிட்டாரு, ஒரே இடத்துல ஒரு வருஷம் முழுக்கப் பிரசங்கம் பண்ணினா தானும் தூங்கிடுவேன், சபையில பாதிக்கு மேலயும் தூங்கிடும்னு. 1784-ல பத்திரமே எழுதி வெச்சாரு, ஒரு ஆலயத்துல ஒரு பிரசங்கியாரைத் தொடர்ந்து மூணு வருஷத்துக்கு மேல வைக்கக் கூடாதுன்னு. அந்தாளு குதிரையில ஊர் ஊரா சுத்திகினே இருந்தவரு, அதனால சபை தூங்கறது பாஸ்டரால மட்டும்தான்னு நினைச்சிட்டாரு. இங்க காக்களூர் எஸ்டேட்டுல நைட் ஷிப்ட் முடிச்சிட்டு நேரா ஆலயத்துக்கு வர்ற பசங்க இருக்கானுங்களே, அவனுங்க ஸ்தோத்திர ஜெபத்துக்கே சாய்ஞ்சிடுவானுங்க. அதுல குத்தம் ஒண்ணும் இல்ல. தூங்கறதுக்காவது வர்றானே.

1947 செப்டம்பர் 27-ந்தேதி மெட்ராஸ் செயின்ட் ஜார்ஜ் கதீட்ரல்ல எல்லாரும் சேர்ந்து சி.எஸ்.ஐ. ஆனாங்க. பிஷப் சொல்றதைக் கேக்கற ஆங்கிலிக்கன் ஜனம் ஒரு பக்கம். வெஸ்லி வழியில சுத்திச் சுத்தி ஆள் அனுப்பற மெதடிஸ்ட் ஜனம் ஒரு பக்கம். எங்களுக்கு வேண்டிய போதகரை நாங்களே கூப்பிட்டுக்குவோம்னு சொல்ற காங்கிரிகேஷனல்காரங்களும் பிரெஸ்பிடீரியன்காரங்களும் இன்னொரு பக்கம். பெரியவங்க இருபத்தெட்டு வருஷம் பேசிப் பேசி ஒண்ணாக்கின சமாச்சாரம் அது. நாம இன்னா பண்ணினோம்? மூணுலயும் நமக்கு வசதியானதை மட்டும் பொறுக்கிக்கினோம். பிஷப்தான் அனுப்பணும், ஆனா நாங்க கேக்கற ஆளைத்தான் அனுப்பணும், புடிக்கலைன்னா மூணு மாசத்துல மாத்திடணும். அதுக்கு ஒரு மனு. முப்பத்தஞ்சு கையெழுத்து, அதுல நாலு பேரு கல்லறைத் தோட்டத்துல இருக்கறவங்க. போன பங்குனியில அந்த மனுவைச் சுமந்துகினு மெட்ராஸுக்கு ரயில் ஏறினவன்தான் வழியனுப்பு கூட்டத்துல ஐயாவுக்குப் பொன்னாடை போத்தப் போறானாம். போத்தட்டும், பழகின கை.

வெஸ்லி மேல எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. பாஸ்டரை மாத்தறதுக்கு மூணு வருஷக் கணக்கு எழுதினவரு, பொருளாளருக்கும் ஒரு கணக்கு எழுதியிருக்கலாம் இல்ல? ஐயா வர்றாரு, போறாரு, அவரு புள்ளைங்க அஞ்சாங்கிளாஸ் ஒரு ஊரு, ஆறாங்கிளாஸ் ஒரு ஊருன்னு படிக்குதுங்க. நம்ம ஆளுங்க அப்பன் உக்காந்த பெஞ்சுல மவன் உக்காந்துகினு, அந்தப் பெஞ்சுல புதுசா ஒரு குடும்பம் வந்து உக்காந்தா மேலயும் கீழயும் பாக்கறான். சிப்காட்டுல வேலை பார்த்துகினு இருந்த குடும்பம் அது. கும்மிடிப்பூண்டியிலயிருந்து இங்க மாத்திகினு வந்திருக்குது. அதுங்க பேரு இன்னும் சபை ரெஜிஸ்டர்ல ஏறலைன்னு பேச்சு. சந்தா மட்டும் மாசாமாசம் வாங்கிக்கறீங்களாமே.

அமெரிக்காவுல சில சபைங்கள்ல பழைய பாஸ்டருக்கும் புது பாஸ்டருக்கும் நடுவுல, இடைக்காலத்துக்குன்னே ஒருத்தரை ஒரு வருஷம் ஒண்ணரை வருஷம் வைக்கறாங்க. பழைய பாசம், பழைய பகை எல்லாம் ஆறட்டும், அப்பால புதுசா வர்றவரு வரட்டும்னு. நமக்கு அந்த வசதி இல்ல. சனிக்கிழமை இவரு லாரி போவும், திங்கக்கிழமை அவரு லாரி வரும். நடுவுல இருக்கறது ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை. அந்த ஒரு நாளைக்கு யாரு ஆராதனை நடத்தறதுன்னு நீங்க மூணு கூட்டம் போட்டிருக்கீங்க. எங்கப்பா காலத்துல உபதேசியார் ஒருத்தர் ஏழு கிராமத்துக்கு சைக்கிள்ல போய் ஜெபம் நடத்தினாரு. ஐயா மாசம் ஒரு தபா திருவிருந்துக்கு வருவாரு. மீதி நாளெல்லாம் பாஸ்டர் இல்லாமதான் சபை இருந்துச்சு. யாரும் செத்துடல.

இப்ப நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லு. சாவிக்கொத்து யாருகிட்ட இருக்குது? ஆலயச் சாவி, வெஸ்ட்ரி சாவி, ஹால் சாவி, உண்டிச் சாவி, எல்லாம் ஒரே சிவப்புக் கயித்துல கோத்து, பொருளாளர் அரணாக்கயிறு மாதிரி இடுப்புலயே கட்டிகினு திரியறாரு. புது ஐயா காலையில ஜெபம் பண்ண ஆலயத்துக்குப் போணும்னா அவரு வூட்டுக் கதவைத் தட்டி, அவரு பல்லு வெளக்கி முடிக்கற வரைக்கும் நிக்கணும். அந்தக் கொத்தை வாங்கி நீயே ஐயா கையில குடு. குடுக்க மாட்டேன்னா புதுப் பூட்டு நாலு வாங்கு, கடியாரத்துக்கு வசூல் பண்ணின காசுல மீதி இருக்கும்.

கூடவே ஒரு காகிதத்துல பேரு எழுதிக் குடு. கமிட்டிக்காரன் பேரு வேணாம், அவனுங்களே வந்து சொல்லிக்குவானுங்க. படுக்கையில கிடக்கறவங்க யாரு, புருஷனை அடக்கம் பண்ணி ஆறு மாசம் ஆகாத வூடு எது, ஓலை வாசிக்கற நேரத்துல நின்னுபோன கல்யாணம் எது, கோயிலுக்கு வராம கோவிச்சிகினு இருக்கறவன் எவன், எதுக்குக் கோவிச்சிகினான். கடைசியா சொன்னதுல என் பேரும் இருக்கும், எழுதிக்கோ. காரணத்தை நானே ஐயாகிட்ட சொல்லிக்கறேன், நீ எழுதினா அழகா இருக்காது.

திங்கக்கிழமை லாரி வந்தா பீரோ இறக்க ஆளு பத்தாது. அந்த மனு நகல் உன்கிட்ட இருக்குமே, அதை எடுத்து வரிசையாக் கூப்பிடு. கல்லறைத் தோட்டத்துக்காரங்களை வுட்டுடு, மீதி முப்பத்தொரு பேருக்கும் கையில வலு இருக்குதுன்னு எழுத்துபூர்வமா தெரிஞ்சிருக்குது.